தேதிக்குக் காத்திருந்த கழிப்பறை

மங்கம்மாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கடலூர் முதுநகரைத் தாண்டிக் கடலோரமாகப் போனால் வரும் வெள்ளிமேட்டுக் குப்பத்தில் மீன் ஏலம் எடுத்து, கூடையில் சுமந்துபோய், முதுநகர் மார்க்கெட்டில் விற்கிறவள். செவுளைத் தூக்கிப் பார்க்காமலே மீன் நேற்றுப் பிடித்ததா இன்று பிடித்ததா என்று சொல்லிவிடுவாள். அதைவிடப் பெரிய திறமை ஒன்றும் அவளிடம் உண்டு. விடியற்காலை நாலரை மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பாள். இது விரதம் இல்லை. படகு வந்து சேரும் கரையில் பெண்கள் ஒதுங்க இடம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் கரைக்கு மேலே சவுக்குத் தோப்பு இருந்தது. அதை யாரோ வாங்கி, வெட்டி, மனை போட்டு, சுற்றிலும் மதில் எழுப்பி, ‘கடல் காற்று நகர்’ என்று போர்டு வைத்தார்கள். அந்த நகரில் இதுவரை ஒரு வீடும் எழவில்லை. காற்று மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கிறது. குப்பத்து வீடுகளோ மணலில் அரை மைலுக்கு அப்பால். போய்த் திரும்புவதற்குள் ஏலம் முடிந்துவிடும். அதனால் ஏலத்துக்கு வரும் நாற்பத்து மூன்று பெண்களும் நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி.

அவளுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. சிதம்பரத்தில் கட்டிக்கொடுத்த மகள் வித்யாதான் அங்கே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஒரு நாளைக்கு மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்மா.”

“குடிச்சிட்டு?” என்றாள் மங்கம்மா.

டாக்டருக்குப் புரியவில்லை. “குடிச்சிட்டு உங்க வேலையப் பாருங்க.”

மங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டர் சிரிக்கவில்லை. இப்படியே இன்னும் ஒரு வருஷம் போனால் ஒரு கிட்னியை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். திரும்பும் பஸ்ஸில் வித்யா அழுதுகொண்டே வந்தாள். மங்கம்மா ஜன்னல் வழியே பார்த்தபடி, பயந்துபோய் உட்கார்ந்திருந்தாள். புருஷன் கடலுக்குப் போயிருந்த அன்று புயல் வந்தபோதுகூட அவள் அப்படிப் பயந்ததில்லை.

புருஷன் பெயர் சடையப்பன். இப்போது கடலுக்குப் போவதில்லை, அரசியலுக்குப் போய்விட்டான். கட்சியின் கிளைச் செயலாளர். கிளையில் பதினொரு பேர். பத்துப் பேருக்குப் பதவி உண்டு, மீதி ஒருவனுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கட்சிக்கு ஒரு தலைவர் இருந்தார். அவருக்கும் அம்மா அப்பா ஒரு பெயர் வைத்திருப்பார்கள்தான், ஆனால் கட்சியில் யாரும் அதை வாயில் உச்சரிப்பதில்லை; தலைவர் என்றால் தலைவர்தான். சடையப்பன் நெஞ்சில் அவர் முகத்தைப் பச்சை குத்தியிருந்தான். வயசாகிச் சதை தளர்ந்ததில் தலைவரும் கொஞ்சம் தொங்கிப்போயிருந்தார். மங்கம்மா பார்த்தும் பார்க்காததுபோல இருந்துகொள்வாள்.

கழிப்பறை வேண்டும் என்று மங்கம்மா ஐந்து வருஷம் அலைந்தாள். திங்கட்கிழமைதோறும் கடலூர் கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குவார்கள். மார்க்கெட்டை முடித்துவிட்டு, கையில் மீன் வாடை போகச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, மூன்று நான்கு பெண்களோடு வரிசையில் நிற்பாள். மனுவுக்கு ரசீது தருவார்கள். அந்த ரசீதுகள் ஒரு மஞ்சள் பை நிறையச் சேர்ந்தன. வீட்டில் அவளிடம் அரசாங்கம் எழுதிக் கொடுத்த காகிதம் வேறு எதுவும் அத்தனை இல்லை.

“மங்கா, ஏன் இப்பிடி நாயா அலையுற? தலைவர் வரட்டும். ஒரு கையெழுத்துல முடிச்சிடுவாரு,” என்பான் சடையப்பன்.

“வரட்டும் மாமா. அதுவரைக்கும் நானு அடக்கிக்கினு இருக்கேன்,” என்பாள் இவள்.

சிதம்பரத்திலிருந்து வந்த மறுநாள் அவள் மனு எழுதவில்லை. ஏலம் நடக்கும் இடத்தில் நாற்பத்து இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினாள். ரொம்பச் சின்னப் பேச்சு. மைக் இல்லை, சால்வை இல்லை. அதற்கு அடுத்த நாள் படகுகள் கரை வந்தபோது பெண்கள் வந்திருந்தார்கள், கூடைகள் வரவில்லை. ஏலம் கூவினார்கள்; ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. பன்னி மீனும் சங்கராவும் வெயிலில் கண் வெளுத்துக் கிடந்தன. வெளியூர் வியாபாரி ஒருவன் வந்து ஆகாத விலைக்குக் கேட்டான். முதல் நாள் ஆண்கள் கேலி செய்தார்கள். இரண்டாம் நாள் திட்டினார்கள். மூன்றாம் நாள் ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டி, கரையிலேயே இடம் ஒதுக்கி, தலைக்கட்டுக்கு ஒருவராகக் கையெழுத்துப் போட்டு, படகு ஓட்டும் ஆண்பிள்ளைகள் அத்தனை பேரும் கடலூருக்குக் கிளம்பிப் போனார்கள். ஐந்து வருஷம் நகராத காகிதம் ஐந்து மாதத்தில் கட்டடமாகிவிட்டது. நான்கு அறை, எல்லாவற்றுக்கும் சேர்த்து வெளியே ஒரு கதவு, ஓட்டுக் கூரை இல்லை, நல்ல கான்கிரீட் கூரை. பக்கத்தில் ஒரு கைப்பம்பு.

பெண்கள் சந்தோஷத்தில் பொங்கல் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கட்சி முந்திக்கொண்டது.

ஒரு நாள் காலையில் போனால் கட்டடத்தைக் காணோம். அதைவிடப் பெரிதாக ஒரு ஃப்ளெக்ஸ் மறைத்து நின்றது. ‘மகளிரின் மானம் காத்த மாமலையே!’ என்று எழுதி, தலைவர் இரண்டு கைகளையும் கூப்பி நின்றார். கீழே வரிசையாகக் கிளைக்காரர்கள் பதினொரு பேரின் முகங்கள். பதவி இல்லாதவன் முகம் மட்டும் கொஞ்சம் சின்னது. கதவுக்கு மேலேயும் சுவரிலும் தலைவர் படம் பதித்த டைல்ஸ். ‘பெண்கள்’ என்ற எழுத்து எங்கே என்று தேடினால், தலைவரின் முழங்கைக்குக் கீழே எறும்பு சைஸில் இருந்தது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது யாருக்கோ கட்டிய நினைவு மண்டபம் மாதிரி தெரியும். வெளியூர் வியாபாரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனதை மங்கம்மா கண்ணால் பார்த்தாள்.

கட்டிய கான்ட்ராக்டர் கட்சிக்காரர். சாவியைக் கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காமல் சடையப்பன் கையில் கொடுத்துவிட்டார். தலைவரே நேரில் வந்து திறப்பார் என்றும் சொல்லிவிட்டார். சடையப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. நேரே அம்மன் கோயிலுக்குப் போய், பத்துப் பேர் பார்க்க உள்ளங்கையில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் பண்ணினான்: “தலைவர் கையால, இல்லேன்னா தலைவர் அனுப்பின ஆள் கையாலதான் இந்தக் கதவு திறக்கணும். வேற யார் கை பட்டாலும் ஆத்தா கேக்கட்டும்!”

அங்கேதான் வந்தது வினை. சாவியைச் சடையப்பன் அருணாக்கயிற்றில் கட்டியிருந்தான். அவன் தூங்கும்போது அவிழ்த்தெடுக்க மங்கம்மாவுக்கு அரை நிமிஷம் போதும். பூட்டை உடைக்க நாற்பத்து மூன்று பேரில் நாற்பது பேருக்குத் தெம்பு உண்டு. ஆனால் கடலோரத்தில் சூடம் அணைத்த சத்தியத்தை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். நாளைக்கு ஒரு படகு கவிழ்ந்தால் பழி யார் தலையில் விழும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்களில் ஒருத்தியான அமிர்தத்துக்கு இரண்டு பிள்ளைகள் கடலில். “வேணாங்கா, இத்தினி நாள் இருந்துட்டோம்,” என்று அவள் மங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“யோவ் மாமா, கக்கூஸுக்கு யாராச்சும் சத்தியம் பண்ணுவாங்களா?” என்று மங்கம்மா கத்தினாள்.

“அது கக்கூஸ் இல்ல மங்கா. தலைவர் முகம் இருக்குது. வார்த்தைய அளந்து பேசு.”

வெள்ளிக்கிழமைதோறும் அவன் அந்தக் கதவுக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றினான். ரிப்பனும் கட்டி வைத்தான். தலைவர் தேதி கொடுப்பார், கொடுப்பார் என்று தை போயிற்று. மாசியில் ஒரு தேதி கொடுத்தார். அன்று தலைவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பங்குனி பிறந்ததும் சட்டமன்றத் தேர்தலை அறிவித்துவிட்டார்கள். தேர்தல் முடியும்வரை யாரும் எதையும் திறந்துவைக்கக் கூடாது என்பது விதி. தேர்தல் அதிகாரியின் ஆட்கள் வந்து ஃப்ளெக்ஸை இறக்கி, டைல்ஸில் இருந்த தலைவர் முகத்தின்மேல் பழைய பேப்பரை ஒட்டிவிட்டுப் போனார்கள். சடையப்பன் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மங்கம்மாவுக்கு அன்று இடுப்பில் வலி வந்து, கூடையை இறக்கி வைத்து மார்க்கெட் வாசலிலேயே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மேலே பேப்பர் ஒட்டிய முகத்தை நினைத்து அவன் அழுவதா, இவளை நினைத்து அழுவதா என்று குழம்பிப்போவான்.

கட்சி வேட்பாளராகப் பஞ்சநாதம் என்பவரை நிறுத்தினார்கள். சிதம்பரத்தில் கோயிலை ஒட்டிய தேரோடும் வீதிக்காரர். கடலூர்த் தொகுதிக்கு அவரை ஏன் அனுப்பினார்கள் என்று கேட்டால், தலைவர் அனுப்பினார் என்பதுதான் பதில். மனிதர் முட்டை விற்கும் கடைப் பக்கம்கூடப் போகாத சுத்த சைவம். ஆனாலும் மீனவர் தொகுதி என்பதால், ஒவ்வொரு குப்பத்திலும் கைலி கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்து, ஒரு வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கி போட்டோவுக்கு நின்றார். இரண்டு விரலால் பிடிப்பார். மூச்சையும் பிடித்துக்கொள்வார்.

அவர் வரப்போகும் நிகழ்ச்சி நிரலைச் சடையப்பன் வீட்டில் சத்தமாகப் படித்தான். எட்டரைக்கு ஒரு குப்பம், ஒன்பதரைக்கு ஒன்று, பத்தே காலுக்கு ஒன்று, பதினொன்றுக்கு வெள்ளிமேட்டுக் குப்பத்துக் கரை.

மங்கம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். “ஏன் மாமா, இந்த ஆளு தலைவர் அனுப்பின ஆளுதானே?”

“பின்ன? தலைவரே கைப்பட லிஸ்ட்ல எழுதின பேரு!”

முறம் ஒரு கணம் நின்றது. பிறகு, “ஜாஸ்தி ஆரத்தி வெக்கலாமா? நாப்பத்திமூணு தட்டு?” என்றாள்.

சடையப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் மங்கம்மா கட்சிக்காக வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. அவன் உடனே மாவட்டத்துக்குப் போன் போட்டுச் சொன்னான்.

மங்கம்மாவும் போன் போட்டாள். எட்டரை மணிக் குப்பத்தில் அவள் நாத்தனார் இருக்கிறாள். ஒன்பதரை மணிக் குப்பத்தில் சித்தி மகள். பத்தே கால் குப்பத்தில் அமிர்தத்தின் சம்பந்தி. சொன்னது ஒரே விஷயம்தான். “சைவக்காரரு, வெயில்ல வாராரு. நல்லா உபசாரம் பண்ணுங்க. எளநீ ரெண்டு குடுங்க. மோரு குடுங்க. குடிக்காம வுடாதீங்க. வேணான்னா, ஓட்டு வேணாமான்னு கேளுங்க.”

பஞ்சநாதம் பதினொன்றேகாலுக்குக் கரைக்கு வந்தார். காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு மணலில் நடந்து வந்தார். கூடவே தேர்தல் கமிஷன் அனுப்பிய வீடியோ குழு. அதற்குப் பொறுப்பு அனுப்பிரியா என்ற இளம்பெண், கையில் விதிமுறைப் புத்தகத்தோடு. வேட்பாளர் நெற்றியில் வியர்வை. நடை சற்று அவசரமாக இருந்தது. மங்கம்மா அந்த நடையைப் பார்த்தாள். அது அவளுக்குப் பதினைந்து வருஷமாகப் பழகிய நடை.

“தம்பி, அப்பிடியே நில்லுங்க!” என்றாள். “ஆரத்தி எடுக்காம மிதிச்சா ஊருக்கு ஆகாது.”

ஆரத்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது எதிரே நிற்கிறவர் நகரக் கூடாது. பாதியில் நகர்ந்தால் அவருக்கே ஆகாது. கல்யாண மாப்பிள்ளையாக இருந்தாலும் வேட்பாளராக இருந்தாலும் ஒரே சட்டம். வழக்கமாக எல்லாத் தட்டையும் ஒரே சமயத்தில் சுற்றி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். இன்று ஒவ்வொருத்தியாக வந்தாள். வலம் மூன்று, இடம் மூன்று, பொட்டு, பிறகு தண்ணீரை ஓரமாகக் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். அதற்கப்புறம்தான் அடுத்தவள்.

“நாப்பத்திமூணு ஆரத்தி! தமிழ்நாட்டுலயே வேற எந்த ஊர்லயும் இல்ல!” என்று சடையப்பன் மைக்கில் முழங்கினான். “மூணாவது தட்டு! சகோதரி அமிர்தம்!”

ஏழாவது தட்டில் பஞ்சநாதம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறினார். பதினோராவது தட்டில் கால்மேல் கால் பின்னிக்கொண்டு சிரித்தார். எதிரே அலை வேறு சளசளவென்று வந்து போய்க்கொண்டிருந்தது. பதினாறாவது தட்டில் சிரிப்பு நின்றுவிட்டது. சடையப்பனைக் கண்ணால் அழைத்தார்.

“யோவ், இங்க பாத்ரூம் எங்கய்யா?”

சடையப்பன் மைக்கை இறக்கினான். “ஊருக்குள்ளதாண்ணே. அரை மைலு.”

“அரை மைலா? அப்ப அது என்னய்யா கட்டடம்?”

“அது... கட்சி கட்டினதுண்ணே. தலைவர் தேதி குடுக்கல.”

“கதவத் திறய்யா!”

சடையப்பன் மண்டையைச் சொறிந்தான். “நானு தொறக்கக் கூடாதுண்ணே. ஆத்தா சத்தியம். தலைவர் அனுப்பின ஆளு நீங்கதான். உங்க கையாலதான் தொறக்கணும்.”

“நான் திறந்தா விதிமீறல்யா! வீடியோ எடுக்குறாங்க பாரு! நீ திற, நான் உள்ள போறேன்!”

“நீங்க தொறங்க, நானு கண்ண மூடிக்கிறேன்!”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவருக்கு அம்மன் பயம், இன்னொருவருக்குத் தேர்தல் கமிஷன் பயம். பதினேழாவது தட்டோடு வந்து நின்றவள் மங்கம்மா. அவள் சுற்றவில்லை. தட்டைப் பிடித்தபடி அனுப்பிரியாவைப் பார்த்துக் கேட்டாள்.

“யம்மாடி, இவுரு அந்தக் கதவத் தொறந்தா தப்பா?”

அனுப்பிரியா புத்தகத்தைப் புரட்டினாள். காலையிலிருந்து அவளும்தான் இவரோடு நான்கு குப்பம் சுற்றியிருக்கிறாள். அவளுக்கும் யாரும் ஒதுங்க இடம் காட்டவில்லை. நிமிர்ந்து தெளிவாகச் சொன்னாள்: “திறப்பு விழா நடத்தக் கூடாது. ரிப்பன் வெட்டக் கூடாது. பேசக் கூடாது, கை தட்டக் கூடாது. அவசரத்துக்குப் போகக் கூடாதுன்னு விதியில எங்கயும் இல்லீங்க.”

“கேட்டீங்களா தம்பி?” என்றாள் மங்கம்மா.

சடையப்பன் வேட்டி மடிப்புக்குள் கையை விட்டுச் சாவியை அவிழ்த்தான். பஞ்சநாதம் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். பூட்டு உப்புக்காற்றில் இறுகிப்போயிருந்தது. இரண்டு கையாலும் முறுக்கினார். திறந்தது. ரிப்பனை வெட்டவில்லை; குனிந்து, அதற்குக் கீழே நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டார். தேர்தல் விதி முழுசாகக் காப்பாற்றப்பட்டது. நாற்பத்து மூன்று பெண்கள் கை தட்டாமல் நின்றார்கள். கை தட்டாமல் இருப்பது அவர்களுக்கு அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

சற்று நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது. “தண்ணி வரலையே!”

“வராது தம்பி,” என்றாள் மங்கம்மா கதவருகில் போய். “கொழா வெச்சாங்க, மோட்டார் வெக்கல. தலைவர் வந்தப்புறம் வெப்பாங்களாம். வாளி வெளிய இருக்குது. நாங்க காலையிலயே கைப்பம்புல அடிச்சு ரொப்பி வெச்சிட்டோம்.”

வாளியைக் கதவு இடுக்கில் தள்ளினாள். கட்சியின் பத்து வருஷ மேடைப் பேச்சில் கேட்காத ஒரு வார்த்தை அப்போது உள்ளேயிருந்து கேட்டது: “நன்றிம்மா.”

பஞ்சநாதம் வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. மீனைத் தூக்கும் நிகழ்ச்சியை அவரே வேண்டாம் என்றுவிட்டார். சாவியைச் சடையப்பனிடம் நீட்டினார். மங்கம்மா நடுவில் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

“ஏய் மங்கா, அது கட்சி சாவி!”

“இன்னா மாமா கட்சி? தலைவர் அனுப்பின ஆள் கையால தொறந்தாச்சு. ஆத்தாவுக்குச் சொன்ன சத்தியம் முடிஞ்சிடுச்சு. இனிமே இத மூடுறதுக்கு யாரும் சூடம் அணைக்கல.”

அவள் சொன்னது சரி என்பதுதான் சடையப்பனை வாட்டியது. கூட்டத்துக்கு நடுவில் அனுப்பிரியா விதிமுறைப் புத்தகத்தைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, மங்கம்மாவின் காதில் ஏதோ கேட்டாள். மங்கம்மா இன்னொரு வாளியை எடுத்துக் கொடுத்தாள்.

தேர்தல் முடிந்தது. பஞ்சநாதம் தோற்றார். கட்சிக்காரர்கள் அதற்குப் பல காரணம் சொன்னார்கள். தலைவர் பிரசாரத்துக்கு வராதது அதில் இல்லை. டைல்ஸில் ஒட்டிய பேப்பரைச் சடையப்பன் ஈரத்துணியால் சுரண்டி எடுத்தான். மூக்குவரைதான் வந்தது. மோட்டார் இன்னும் வரவில்லை. பெண்கள் முறை வைத்துக் கைப்பம்பில் அடித்து நிரப்புகிறார்கள். திங்கட்கிழமை முறை மங்கம்மாவுடையது. மோட்டாருக்கான மனு மஞ்சள் பையில் இருக்கிறது. அது நகராவிட்டால் மறுபடியும் கூடைகளை வீட்டிலேயே கவிழ்த்து வைக்க வேண்டியதுதான் என்று எல்லாருக்கும் தெரியும்.

ரிப்பனை மட்டும் சடையப்பன் அவிழ்க்கவிடவில்லை. தலைவர் ஒரு நாள் வருவார், அவர் வெட்ட ஏதாவது ஒன்று வேண்டாமா என்று கெஞ்சினான். போனால் போகிறது என்று மங்கம்மா விட்டுவிட்டாள். வெயிலில் வெளுத்துத் தொங்கும் அந்த ரிப்பனுக்குக் கீழே, கையில் வாளியோடு, தினமும் நாற்பத்து மூன்று பெண்கள் குனிந்து போய்வருகிறார்கள்.

பஞ்சநாதம் வந்துபோன மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் படகுகள் இன்னும் கரைக்கு வரவில்லை. மங்கம்மா கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மூடி போட்ட தண்ணீர்ச் சொம்பைத் திறந்தாள். பழக்கதோஷத்தில் நாக்கை மட்டும் நனைத்துவிட்டு மூடப் போனாள். அமிர்தம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“குடிங்கா,” என்றாள்.

மங்கம்மா சொம்பைத் தூக்கி, அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். பிறகு எழுந்துபோய்க் கைப்பம்பில் இன்னொரு சொம்பு பிடித்தாள்.